முக்கண்ணிகளின் தொட்டி

கண் மருத்துவமனையின் முதல் மாடிக் கூடத்தில் காலை முதல் மாலை வரை ஒரு குரல் ஓயாமல் ஒலித்துக்கொண்டிருக்கும். “கண்ணை மூடுங்க. மூடுங்கன்னா மூடணும். ஓரக்கண்ணால கடிகாரம் பாக்கக் கூடாது.” கண்பாவை விரிவதற்காகச் சொட்டு மருந்து விடுகின்ற அந்தச் செவிலிக்குப் பெற்றோர் இட்ட பெயர் ஒன்று இருக்கத்தான் செய்தது, ஆயினும் அஃது அடையாள அட்டையோடு நின்றுவிட்டது. மருத்துவர் முதல் தரை துடைப்பவர் வரை அனைவருக்கும் அவள் கண்மூடியக்கா.

அக்காவிடம் சில வழக்கங்கள் இருந்தன. மருந்துக் குப்பியைக் காதோரம் வைத்துக் குலுக்கி, உள்ளே எவ்வளவு மிச்சம் என்று கேட்டறிவாள். யாருடைய கண்ணில் மருந்து விட்டாலும் வழிந்ததைத் தன் கையாலேயே துடைப்பாள். எல்லாவற்றிற்கும் மேலாக, அவளால் எதையும் உலர விட முடியாது. கண்ணில் ஈரம் வற்றி, மணலைப் போட்டாற்போல் உறுத்துகிறது என்று வருகின்றவர்களைப் பல்லாண்டு பார்த்துப் பார்த்து, ஈரம்தான் நலம், வறட்சிதான் நோய் என்பது அவளுடைய நெஞ்சில் ஊறிப்போயிருந்தது. வீட்டு மாடத்திலிருந்த பூந்தொட்டிகளில் மண் எப்போதும் சேறாகவே கிடக்கும். செடிகள் வேரழுகிச் சாயும்போதும், “தண்ணி பத்தல போல” என்று இன்னொரு குவளை ஊற்றுவாள்.

அவ்வீட்டில் மூவர் இருந்தனர். அக்கா, லிஃப்ட் பழுதுபார்க்கின்ற அவளுடைய தம்பி, தம்பியின் மனைவி. மனைவி ஒரு சலவையகத்தில் துணி தேய்ப்பவள் ஆதலால், தம்பி அவளை ‘இஸ்திரி’ என்றே விளிப்பான். அவளும், “ஆமா, இந்த வீட்டுல எல்லாத்தையும் சூடு வச்சுத்தான் நேராக்க வேண்டியிருக்கு” என்று விடையிறுப்பாள். ஈரத்துணியைக் கண்டாலே அவளுக்கு ஆகாது. அக்கா நனைத்து வைப்பாள். இஸ்திரி பிழிந்து காயப்போடுவாள். “ஒருத்தி மழைக்காலம், ஒருத்தி வெயில்காலம். நடுவுல எனக்குத்தான் ஜலதோஷம்” என்பான் தம்பி.

ஊரார் கண்ணுக்கெல்லாம் மருந்து விட்டவளின் கண்ணுக்கே ஒருநாள் கேடு வந்தது. இடக்கண்ணின் ஓரத்தில் கறுப்புத் திரையொன்று மெல்ல இறங்கியது. விழித்திரை கிழிந்திருந்தது. அறுவை செய்து, கண்ணுக்குள் ஒரு காற்றுக் குமிழியை வைத்தார்கள். குமிழி மேல்நோக்கி மிதந்து கிழிந்த இடத்தை அழுத்திப் பிடிக்கவேண்டுமாயின், முகம் தரையைப் பார்த்தபடியே இருக்கவேண்டும். உண்ணும்போதும் உறங்கும்போதும் நடக்கும்போதும் அப்படித்தான்.

“இவ்ளோ நாளா ‘கண்ணை மூடு’ன்னு எல்லாரையும் மெரட்டுனீங்கல்ல, இப்ப டாக்டர் உங்களைத் தலை குனிய வச்சுட்டாரு” என்றாள் இஸ்திரி.

கேலி செய்தாளேயன்றி, அந்நாள்களில் அவள் செய்த பணிவிடையைச் சொல்லி முடியாது. சலவையகத்திலிருந்து தடித்த துவாலைகளைக் கொணர்ந்து வளையமாகச் சுருட்டி, நடுவில் முகம் புதையும்படி ஒரு தலையணை செய்து கொடுத்தாள். தேநீர்க் குவளையில் உறிஞ்சுகுழலிட்டுத் தரையில் வைத்தாள். கட்டிலின் விளிம்பில் முகத்தைக் கவிழ்த்துக்கொண்டு, “இந்தத் தரையில இருக்கிற கறையெல்லாம் எனக்கு மனப்பாடம் ஆயிருச்சு. ஒரு மனுஷ முகத்தைப் பாத்து எவ்வளவு நாளாச்சு” என்று அக்கா புலம்பியபோது, இஸ்திரி கட்டிலின் அருகே தரையில் மல்லாந்து படுத்துக்கொண்டாள்.

“இப்ப பாருங்க அண்ணி. முகம் தெரியுதா? பேசுங்க.”

அதன்பின் நாள்தோறும் வேலை முடிந்து வந்ததும் அவள் அவ்வாறு தரையில் மல்லாந்து கிடந்து, அன்றைய கதைகளையெல்லாம் மேல்நோக்கிச் சொல்வாள்; அக்கா கீழ்நோக்கிச் சிரிப்பாள். வாயிற்படியில் நின்று இதைக் கண்ட தம்பி, “நான் ரிப்பேர் பண்ற லிஃப்டுலகூட இப்படி ஒரு கோளாறு பாத்ததில்ல” என்று சொல்லிவிட்டுப் போனான்.

கண்ணைக் காட்டுவதற்காக அக்காவின் கைபற்றி மருத்துவமனைக்கு அழைத்துச் செல்வதும் இஸ்திரிதான். குனிந்த தலை நிமிராமல் நடந்த அக்காவைப் பார்த்து, எதிர்வீட்டுக்காரி, “இந்த வயசுல என்ன வெக்கம்?” என்று கேட்டாள். “பொண்ணு பாக்க வர்றாங்க” என்று இஸ்திரி பட்டென்று சொன்னாள். அன்று சிரித்த சிரிப்பில் அக்காவின் கண்ணுக்குள் குமிழியே ஆடிப்போயிற்று.

மருத்துவமனையின் பின்புறம் ஒரு வெற்று நிலம் கிடந்தது. மழை பெய்து ஓய்ந்திருந்த சமயம். பாரவண்டிச் சக்கரம் அழுத்திய பள்ளத்தில் கலங்கல் நீர் தேங்கியிருந்தது. நிமிர்ந்து நடப்பவர் எவரும் அதைக் குட்டை என்றும் மதியார், தாண்டிப் போய்விடுவர். ஆனால் தரையைத் தவிர வேறொன்றையும் காண வழியற்றிருந்த அக்காவுக்கோ, அந்தத் தரையிலேயே ஒரு காட்சி காத்திருந்தது.

“நில்லு, நில்லு. அதுல என்னவோ ஓடுது.”

இஸ்திரி எட்டிப் பார்த்துவிட்டு இரண்டடி பின்வாங்கினாள். “ஐயோ! தவளைக்குஞ்சா, தேளா? ரெண்டும் கல்யாணம் பண்ணிப் பெத்துக்கிட்ட மாதிரி இருக்கே!”

கட்டைவிரல் நகத்தைவிடச் சற்றுப் பெரிதான, கேடயம் போன்றதோர் ஓடு. அதன் முன்புறத்தில் ஒன்றோடொன்று ஒட்டினாற்போல் இரு கண்கள். அவற்றின் அருகே, பொட்டு வைத்தாற்போல் இன்னொரு வெளிர்புள்ளி. பின்னால் மெலிந்த உடல். அதன் முடிவில் இரண்டு நூல்வால்கள். சேற்றை உழுதுகொண்டே போன அது, திடீரென மேலே வந்து மல்லாந்து கொண்டது. வயிற்றடியில் எண்ணற்ற கால்கள், காற்றிலாடும் பயிரைப்போல் அலையலையாக அசைந்தன.

கண்ணைச் சோதித்த இளம் மருத்துவரிடம் அக்கா அதைப்பற்றிக் கேட்டாள். அவர் கைப்பேசியில் தேடிப் பார்த்து, “இது ஒரு வகை இறாலாம்மா. தலைப்பிரட்டை மாதிரி இருக்கிறதால அதே பேரைத்தான் இதுக்கும் சேத்து வச்சிருக்காங்க. அந்தப் புள்ளி இருக்கே, அது மூணாவது கண்ணாம்” என்றார்.

“மூணு கண்ணா! எனக்கு ரெண்டையே வச்சுக் காப்பாத்த முடியல” என்றாள் அக்கா. அன்று முதல் அவற்றிற்கு முக்கண்ணி என்ற பெயர் நிலைத்தது.

அதன்பின் மருத்துவமனைக்குப் போகும் ஒவ்வொரு முறையும் குட்டையோரம் ஒரு செங்கல்லின்மேல் அமர்ந்து, குனிந்த தலையோடு நெடுநேரம் பார்த்துக்கொண்டிருப்பாள். முக்கண்ணிகள் கொசுப்புழுக்களைத் துரத்திப் பிடித்தன. பழைய ஓட்டைச் சட்டைபோல் கழற்றிவிட்டு, பளபளக்கும் புதிய ஓட்டோடு வெளிவந்தன. அக்காவின் இடக்கண்ணில் குமிழி நாளுக்குநாள் சுருங்கியது, குட்டையும் சுருங்கியது. ஒருநாள் காலை, குமிழி முற்றுங் கரைந்திருந்த அந்தக் கண்ணால் அவள் முதன்முதலாகத் தெளிவாகக் கண்டது ஒரு முக்கண்ணியின் மூன்றாவது கண்ணை. செங்கல்லில் அமர்ந்தபடியே அழுதாள். துன்பத்தில் தலை குனிந்தவளுக்குக் குனிந்த இடத்திலேயே துணையாக இருந்தவை அல்லவா? அவற்றிற்கு என்ன கைம்மாறு செய்வது?

அவளுக்குத் தெரிந்த கைம்மாறு ஒன்றே. குழாயடியில் நீர் பிடித்து வந்து, வற்றுகின்ற குட்டையில் குவளை குவளையாக ஊற்றினாள்.

“என்னம்மா, குட்டைக்கும் சொட்டு மருந்தா?” என்று சிரித்தார் வாயிற்காவலர். “காஞ்சா காயட்டுமே. போன வருஷமும்தான் காஞ்சு வெடிச்சுக் கெடந்துச்சு.”

அக்காவின் காதில் அது விழுந்தது, மனத்தில் விழவில்லை. குட்டை வற்றுமுன், சேறும் நீருமாக அள்ளி, ஐந்தாறு முக்கண்ணிகளோடு வீட்டிற்குக் கொணர்ந்து ஒரு கண்ணாடித்தொட்டியில் குடியேற்றினாள். அவித்த முட்டையின் மஞ்சட்கருவைப் பொடித்துத் தூவினாள். முக்கண்ணிகள் மண்ணைத் தோண்டி முட்டையிடுவதை மூவரும் தரையில் அமர்ந்து பார்த்தனர். ஒன்று மற்றொன்றைத் தின்றதைக் கண்டு தம்பி, “கூட்டுக் குடும்பம்னா இப்படித்தான்” என்றான். இரு பெண்களும் ஒருங்கே அவனை முறைத்தனர்.

முக்கண்ணிகளின் வாழ்நாள் குறுகியது. ஒன்றன்பின் ஒன்றாக மூப்படைந்து இறந்தன. அக்கா கலங்கவில்லை, மண்ணில்தான் முட்டைகள் இருக்கின்றனவே! நாள்தோறும் காலையில் நீர்மட்டத்தைப் பார்ப்பாள். ஒரு விரற்கடை குறைந்தாலும் உடனே ஊற்றுவாள். வாரங்கள் மாதங்களாயின. தொட்டியின் ஓரமெங்கும் வெண்ணிற உப்புப் படிந்தது, நீர் பச்சையேறியது, நாற்றமும் எழுந்தது. ஒரு குஞ்சும் வரவில்லை. இதற்கிடையில் மருத்துவமனையார் பின்புற நிலத்தை மட்டமாக்கி, வண்டி நிறுத்துவதற்காகச் சிமென்ட் பூசிவிட்டார்கள். ஆகவே, அந்தக் குட்டையின் வழிவந்ததாக இனி உலகில் இருப்பது தன் தொட்டி மண் ஒன்றே என்று அக்கா எண்ணினாள்.

அவ்வேளையில்தான் ஒரு கண் சிகிச்சை முகாமிற்காக அவள் வெளியூர் செல்ல நேர்ந்தது. திரும்பி வந்து கதவைத் திறந்தவளின் கண்ணில் முதலில் பட்டது தொட்டிதான். கழுவித் துடைத்து, பளிங்குபோல், தலைகீழாகக் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தது.

“நாத்தம் தாங்கல அண்ணி. கொசுப்புழு வேற நெளிஞ்சுது. அதான்...” என்று தொடங்கினாள் இஸ்திரி.

அக்கா அவளை முடிக்கவிடவில்லை. “யாரைக் கேட்டுத் தொட்ட? என் கண்ணு திரும்ப வந்ததுக்கு அதுதான் சாட்சி. இந்த வீட்டுல எதுக்கு என்ன அருமைன்னு நேத்து வந்தவளுக்கு என்ன தெரியும்?”

இஸ்திரி உள்ளே சென்று, சலவையகத்தில் சட்டை மடித்துக் கொடுக்கின்ற அட்டைப்பெட்டியொன்றைக் கொணர்ந்து மேசைமேல் வைத்தாள். உள்ளே, துணிபோல் பரப்பி, கட்டியின்றிப் பொடித்து, நன்கு உலர்த்திய தொட்டி மண் இருந்தது.

“மண்ணைத் தூக்கிப் போடல. மொட்டை மாடியில காய வச்சு எடுத்து வச்சிருக்கேன்.”

அவ்வளவுதான். அந்த வாக்கியத்தின் இறுதியில் வழக்கமாக வரும் ‘அண்ணி’ அன்று வரவில்லை. மறுநாளும் வரவில்லை.

வசவு என்றால் பதில் வசவு சொல்லித் தீர்த்துக்கொள்ளலாம்; ஒரு விளி நின்றுபோவதற்கு என்ன மருந்து? “சாப்பாடு இருக்கு.” “குடை வாசல்ல இருக்கு.” “கதவு தொறந்திருக்கு.” இஸ்திரியின் பேச்சில் மரியாதைக்குக் குறைவில்லை, பணிவிடைக்கும் குறைவில்லை, அக்காவைக் குறிக்கும் சொல்தான் எங்கோ தொலைந்துவிட்டது. சுவரைப் பார்த்துச் சொல்லப்பட்டாற்போன்ற அச்சொற்களைக் கேட்கும்போதெல்லாம் அக்காவுக்குக் கண்ணில் மணல் விழுந்தாற்போல் உறுத்தியது. மருத்துவமனையில் யாரேனும் “அண்ணி” என்று யாரையேனும் அழைத்தால் அவள் விட்ட மருந்து குறி தவறி நோயாளியின் கன்னத்தில் வழிந்தது.

ஒருநாள் தம்பி தயங்கித் தயங்கிச் சொன்னான். “அக்கா, அவ வேற வீடு பாக்கச் சொல்றா. சண்டையெல்லாம் போடல. அழுதுகிட்டுகூட சொல்லல. அதான் எனக்குப் பயமா இருக்கு.”

“நீ என்ன சொன்ன?”

“பாக்குறேன்னு சொன்னேன். பாக்காம இருக்கேன். எத்தனை நாளைக்கு நடுமாடியிலயே லிஃப்டை நிறுத்தி வைக்கிறது?”

அக்கா தனியே அமர்ந்து, அந்தத் துவாலைத் தலையணையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். கண் திரும்ப வந்ததற்கு யார் சாட்சி? குட்டையில் கிடந்த பூச்சிகளுக்கு நன்றி சொல்லத் தெரிந்தவள், தன் முகத்துக்குக் கீழே தரையில் மல்லாந்து கிடந்து பேசியவளை ‘நேற்று வந்தவள்’ என்றாளே! கண்ணிருந்தும் குருடு என்பது இதுதான் போலும். மன்னிப்புக் கேட்கவேண்டும். ஆனால் எந்த வாயால் கேட்பது? அவளை நேருக்கு நேர் பார்த்தாலே நா ஒட்டிக்கொள்கின்றது.

அடுத்த விடுமுறை நாளில் மழை கொட்டியது. குழாயிலோ நீர் வரவில்லை. அக்கா மாடத்தில் வாளியை வைத்து மழைநீர் பிடித்தாள். பிடித்த நீரைக் கண்டதும் அவளுக்கு ஓர் எண்ணம் தோன்றியது. கவிழ்ந்து கிடந்த தொட்டியை நிமிர்த்தி, அட்டைப்பெட்டி மண்ணைப் பரப்பி, மழைநீரை ஊற்றினாள். செத்த மண் என்பதில் அவளுக்கு ஐயமில்லை. ‘நீ காயப்போட்டதை நான் மதித்து எடுத்து வைத்துவிட்டேன், உன்மேல் எனக்குக் கோபமில்லை’ என்று வாயால் சொல்லமுடியாததைக் கையாலாவது சொல்லலாமே என்றுதான் செய்தாள். இஸ்திரி அதைப் பார்த்துவிட்டுத் துணி மடிக்கப் போனாள்.

இரண்டொரு நாள் சென்றிருக்கும். காலையில் வேலைக்குப் புறப்படுவதற்காக அக்கா தலை வாரிக்கொண்டிருந்தாள். வெயில் மாடத்தில் சாய்வாக விழுந்திருந்தது. துணி எடுக்கச் சென்ற இஸ்திரியின் குரல் வீடதிரக் கேட்டது.

“அண்ணி! அண்ணி! ஓடி வாங்க! மண்ணு நீந்துது!”

சீப்பு தலையிலேயே நிற்க அக்கா ஓடினாள். முக்கண்ணிகளுக்காக ஓடினாளா, அந்தச் சொல்லுக்காக ஓடினாளா என்று கேட்டால் அவளுக்கே விளங்கியிராது. இருவரும் தொட்டியின் முன் மண்டியிட்டனர். வெயில் பட்ட நீரில் தூசி போன்ற வெண்புள்ளிகள் துள்ளித் துள்ளி ஏறி இறங்கின. தூசிக்குத் துள்ளத் தெரியாது, இவற்றிற்குத் தெரிந்திருந்தது.

வாயிற்காவலரின் சொல் இப்போதுதான் அக்காவின் காதிலிருந்து மனத்திற்கு இறங்கியது. போன ஆண்டும் காய்ந்து வெடித்துக் கிடந்த குட்டை, அதன்பின் மழை, அதன்பின்தானே முக்கண்ணிகள்! வெயிலில் காய்வது அவற்றின் சாவு அன்று, காத்திருப்பு. காயாத மண்ணில் முட்டைகள் உறங்கியே கிடக்கும். நாள்தோறும் நீரூற்றி நீரூற்றி, பிறக்க விடாமல் காத்தவள் தான்தான்.

“நான் ஊத்தி ஊத்தியே இதுங்களைப் பொறக்க விடாம வச்சிருந்தேன்” என்றாள் மெல்ல. “நீ காய வச்ச. வந்துருச்சு.”

“எனக்கென்ன தெரியும்? நாத்தம் அடிச்சுது, காய வச்சேன். ஈரமா எதைப் பாத்தாலும் கை சும்மா இருக்காது.” சொல்லிவிட்டு இஸ்திரி வேறெங்கோ பார்த்தாள். தன் வாயிலிருந்து எந்தச் சொல் தப்பியது என்பது அப்போதுதான் அவளுக்கு நினைவு வந்தது போலும்.

அக்கா தரையில் கையூன்றினாள். பின், சற்றும் எதிர்பாராவண்ணம், அப்படியே மல்லாந்து படுத்தாள். வாரி முடியாத தலைமுடி ஈரத்தரையில் பரவிற்று.

“அண்ணி, என்ன பண்றீங்க? தலையெல்லாம் நனையுது!”

“நனையட்டும். நேருக்கு நேரா உன் முகத்தைப் பாத்துச் சொல்ல எனக்கு வாய் வரல. கீழேருந்து சொல்றேன். அன்னிக்கு நான் சொன்னது தப்பும்மா. நீ நேத்து வந்தவ இல்ல. நான் குப்புறக் கெடந்தப்ப எனக்குத் தெரிஞ்ச ஒரே முகம் உன்னோடதுதான். கண்ணு திரும்ப வந்ததுக்கு நீதான் சாட்சி. இதுங்க இல்ல.”

இஸ்திரி குனிந்து பார்த்தாள். அவளுடைய கண்ணிலிருந்து ஒரு சொட்டு நேராக அக்காவின் நெற்றியில் விழுந்தது.

“குறி தப்பிருச்சு. கண்ணுல விடணும்” என்றாள் அக்கா.

இருவரும் சிரித்த சிரிப்பைக் கேட்டு உள்ளிருந்து வந்த தம்பி, ஒருத்தி மல்லாந்தும் ஒருத்தி குனிந்தும் இருப்பதைக் கண்டு, “மறுபடியும் லிஃப்ட் கோளாறா?” என்றான். பிறகு மெதுவாக, “நேத்து கடைசியா ஒரு வாடகை வீடு பாத்தேனே, அந்த வீட்டுக்காரர்கிட்ட சாயங்காலம் வர்றதா...” என்று தொடங்கினான்.

“எந்த வீட்டுக்காரர்?” என்றாள் இஸ்திரி. “போய் முட்டை அவிங்க. குஞ்சுங்களுக்கு மஞ்சக்கரு வேணும்.”

அந்த மழைக்காலம் முழுவதும் தொட்டி நிறைந்திருந்தது. முக்கண்ணிகள் சட்டை கழற்றின, மண்ணைக் கிளறின, மாலை வெளிச்சத்தில் மல்லாந்து நீந்தின. அவை மல்லாந்து கொள்ளும்போதெல்லாம் தம்பி, “பாரு, உங்க சொந்தக்காரங்க” என்பான். பின்பு அவையும் மூத்து, முட்டையிட்டு, ஒவ்வொன்றாக அடங்கின. கடைசி முக்கண்ணி போன பின்னும் நீர் தெளிவாக நின்றது. வெயில் ஏறியது; நீர் ஒரு விரற்கடை இறங்கியது.

காலையில் மாடத்திற்கு வந்த அக்காவின் கை, பழக்கத்தால் குவளையை எடுத்து வாளியில் முக்கியது. தொட்டியின்மேல் அதைச் சாய்க்கப் போனவள் நின்றாள். நிறைந்த குவளையை ஒரு கணம் பார்த்தாள். கொடியில் துணி விரித்துக்கொண்டிருந்த இஸ்திரி திரும்பிப் பார்த்தாள்.

அக்கா அந்நீரை மீண்டும் வாளியிலேயே ஊற்றிவிட்டு, குவளையைச் சுவரோரம் கவிழ்த்து வைத்தாள்.

“இந்தத் தடவை நான் ஊத்தல” என்றாள். “காயட்டும்.”